ஓரியின் அம்பும் உடைவதற்கென்றே செய்த பிளேடும்

ஆடி 17, 18 இரண்டு நாளும் எங்கள் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா. செம்மேட்டில் ஓரி சிலைக்கு மாலை, மலர்க் கண்காட்சி, வில்வித்தைப் போட்டி என்று கூட்டம் தாங்காது. 70 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி வந்திருந்த பேத்தியை அழைத்துக்கொண்டு நானும் போயிருந்தேன். பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மேடையில் ஒருவர், புறநானூற்றில் வன்பரணர் ஓரியைப் பாடிய செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓரி விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பிலும் போய்த் தைத்தது என்பது 152ஆம் பாட்டின் செய்தி.

"ஏன் தாத்தா, ஒரே அம்பு அத்தனையையும் துளைச்சிட்டுப் போகுமா?" என்றாள்.

"அம்பு போகுமான்னு புலவரைத்தான் கேட்கணும். ஆனா அப்படிப் போகிற ஒரு சாமானோட நான் 31 வருஷம் குப்பை கொட்டியிருக்கேன்" என்றேன்.

"டர்பைன் பிளேடா?"

அன்று இரவு திண்ணையில் உட்கார்ந்து அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். நான் வேலை பார்த்தது நீராவி டர்பைன்களோடு. விமான இன்ஜின் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆனால் இந்தக் கதையில் தம்பிதான் அண்ணனுக்குப் பாடம் சொல்கிறான்.

கால் கிலோவின் கணக்கு

டர்பைன் என்பது பெரிய ரகசியம் இல்லை. கனமான ஒரு வட்டத் தட்டு. அதை டிஸ்க் என்போம். அதன் விளிம்பில் வரிசையாகச் செருகிய பிளேடுகள். நீராவியோ எரிந்த வாயுவோ வேகமாக வந்து பிளேடுகளில் மோத, தட்டு சுழல்கிறது. ஒவ்வொரு பிளேடின் அடிப்பகுதியும் பல்பல்லாக வெட்டப்பட்டு, டிஸ்கில் அதே வடிவில் வெட்டிய பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும். இந்த அடிப்பகுதியை நாங்கள் ரூட் என்போம். வேர் என்று சொன்னாலும் பொருந்தும். பிளேடு முழுவதையும் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். 250 கிராம் எடையுள்ள ஒரு பிளேடு. அதன் எடை மையம் தண்டின் நடுவிலிருந்து 35 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. நிமிடத்துக்கு 12,000 சுற்று. அப்போது அந்தப் பிளேடு தன் வேரைப் பிடித்து வெளியே இழுக்கும் விசை ஏறத்தாழ 14 டன். கையில் எடுத்தால் ஒரு மாம்பழக் கனம். சுழலும்போது சரக்கு ஏற்றிய லாரியைத் தொங்கவிட்டது போல.

வேர் முறிந்தால்? பிளேடு விநாடிக்கு 440 மீட்டர் வேகத்தில் கிளம்பும். ஒலியின் வேகத்தையும் தாண்டிய வேகம். அதில் இருக்கும் ஆற்றல் சுமார் 24,000 ஜூல். ராணுவத் துப்பாக்கி ஒன்றின் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவைப் போல 7 மடங்கு. ஓரியின் அம்புக்கு 50 கிராம் எடையும் விநாடிக்கு 60 மீட்டர் வேகமும் கொடுத்துப் பேத்தி தன் போனில் கணக்குப் போட்டாள். 90 ஜூல் வந்தது. "270 மடங்கு தாத்தா" என்றாள். அதன் பிறகு அவள் யானையைப் பற்றிக் கேட்கவில்லை.

பிளேடு தனியாகப் போவதோடு விஷயம் முடிவதில்லை. அது இருந்த இடம் காலியாகிவிடுகிறதல்லவா? எதிர்ப்பக்கத்தில் அதற்கு ஈடாக இருந்த பிளேடு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கும். அதே 14 டன், தண்டோடு சேர்ந்து விநாடிக்கு 200 முறை சுற்றிச் சுற்றி பேரிங்குகளை அடிக்கும். வெளியே பாய்ந்த அம்பு ஒன்று, உள்ளே நின்றுபோன ஆட்டம் ஒன்று. ஆபத்து இந்த இரண்டு வழியிலும் வரும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் கதைகள் எளிதாகப் புரியும்.

பலவீனத்தை வரைந்தவர்கள்

பிளேடு உடையக்கூடாது என்று பாடுபடுவது பொறியாளரின் முதல் வேலை. உடைந்தால் எப்படி உடைய வேண்டும் என்று யோசிப்பது இரண்டாவது வேலை. இந்த இரண்டாவது யோசனை, டர்பைன் பிறந்த காலத்திலேயே வந்துவிட்டது. 1880களில் பாலிலிருந்து பாலேட்டைப் பிரிக்கும் இயந்திரத்தை ஓட்டுவதற்காக ஸ்வீடன்காரர் குஸ்தாவ் டி லாவல் நீராவி டர்பைனில் இறங்கினார். அவருடைய சிறிய சக்கரங்கள் நிமிடத்துக்கு 30,000 சுற்று வரை ஓடின. வேகம் கட்டுமீறினால் சக்கரம் நடுவில் பிளந்து பெரிய துண்டுகளாகப் பறக்கும் அபாயம் இருந்தது. அதற்கு ஒரு வழி செய்தார்கள். விளிம்புக்குச் சற்றுக் கீழே சக்கரத்தை வேண்டுமென்றே மெலிதாகக் கடைந்துவிட்டார்கள். வேகம் எல்லை மீறினால் முதலில் விளிம்புதான் சிறு சிறு துண்டுகளாகக் கழன்று போகும். இழுத்துக்கொண்டிருந்த பாரம் குறைந்து, நடுச் சக்கரம் தப்பிக்கும். சிறு துண்டுகளைக் கனமான உறை தாங்கிக்கொள்ளும். வீட்டு மின்பெட்டியில் ஃபியூஸ் போடுகிறோமே, அது போல.

ஜெட் விமானங்கள் வந்த பிறகு இந்தக் கவலை தலைமேல் ஏறியது. தரையில் இருக்கும் டர்பைனுக்கு எவ்வளவு கனத்தில் வேண்டுமானாலும் உறை போடலாம். விமானத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு. அப்படியானால் எவ்வளவு கனம் போதும்? கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. அதனால் 1960களிலும் 70களிலும் அமெரிக்காவில், நாசாவின் ஆதரவோடு, டிரென்டன் நகரில் இருந்த கடற்படையின் சோதனைக் கூடத்தில் சுழலிகளை வேண்டுமென்றே உடைத்துப் பார்த்தார்கள். இரண்டு துண்டாக, மூன்று துண்டாக, ஆறு துண்டாக உடையும்படி முன்கூட்டியே வெட்டி வைத்த சுழலிகள். சுற்றிலும் வெவ்வேறு உலோக வளையங்கள். எது தாங்குகிறது, எது கிழிகிறது என்று அதிவேகக் கேமராவில் படம் எடுத்தார்கள்.

அந்த வேலை வெறும் ஆராய்ச்சி அல்ல என்பதை 1973 நவம்பர் 3 உலகத்துக்குக் காட்டியது. நியூ மெக்சிகோ மாநிலத்துக்கு மேலே பறந்த நேஷனல் ஏர்லைன்ஸ் டிசி-10 விமானத்தின் ஒரு இன்ஜினில் முன்விசிறி சிதறியது. துண்டுகள் விமானத்தின் உடலைத் துளைத்தன. ஒரு ஜன்னல் பெயர்ந்து, அங்கே உட்கார்ந்திருந்த பயணி வெளியே இழுக்கப்பட்டார். மற்றவர்களோடு விமானம் தரையிறங்கியது.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் விதிகளில் 33ஆம் பகுதி, 94ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 1984இல் சேர்க்கப்பட்டது. அதன் சாரம் எளிமையானது. இன்ஜினை அனுமதிக்கப்பட்ட உச்ச வேகத்தில் ஓட்ட வேண்டும். முன்விசிறியிலோ கம்ப்ரசரிலோ எந்தப் பிளேடு உடைந்தால் அதிகக் கேடோ அதை உடைக்க வேண்டும். டர்பைனிலும் அப்படியே. பிளேடு, அதைப் பிடித்திருக்கும் வெளிப் பள்ளத்தின் மட்டத்தில் முழுசாகக் கழன்று போக வேண்டும். சேதத்தால் இன்ஜின் தானாக நின்றுவிட்டால் சரி. இல்லையென்றால் அதன் பிறகு 15 விநாடி ஓட வேண்டும். துண்டு உறைக்குள்ளேயே நிற்க வேண்டும். தீப்பிடிக்கக்கூடாது. இன்ஜினை விமானத்தோடு பிணைக்கும் பிடிமானங்கள் அறுந்துவிடக்கூடாது. சொன்னேனே, அம்பும் ஆட்டமும் என்று, அந்த இரண்டையும் இந்த ஒரே விதி கேட்கிறது.

சொன்ன நேரத்தில் உடையும் பிளேடு

பேத்தி இங்கேதான் குறுக்கே பேசினாள். "உடைக்கிறது என்ன பெரிய வேலை தாத்தா? பாதி அறுத்து வச்சா தானா உடைஞ்சிட்டுப் போகுது."

நானும் இளவயதில் அப்படித்தான் நினைத்தேன். உடையாத பிளேடு செய்வதைவிடச் சொன்ன நேரத்தில், சொன்ன இடத்தில் உடையும் பிளேடு செய்வது பல விதத்தில் கடினம்.

முதலில் அளவு. நாம் மேலே பார்த்த பிளேடையே எடுத்துக்கொள்வோம். 14 டன்னில் அறுந்து போக வேண்டும். வேர் இருக்கும் சூட்டில் அந்த உலோகத்தின் ஒரு சதுர மில்லிமீட்டர் 100 கிலோ பாரம் தாங்கும் என்று வைத்தால், சுமார் 140 சதுர மில்லிமீட்டர் மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை அறுத்துவிட வேண்டும். 140 சதுர மில்லிமீட்டர் என்பது நம் நடுவிரல் நகத்தின் அளவு. அந்த நகத்தளவு உலோகத்தில்தான் மொத்தச் சோதனையும் தொங்குகிறது.

ஆனால் உலோகம் நம் கணக்குப்படி நடக்காது. ஒரே உருக்கில் வார்த்த இரண்டு பிளேடுகளின் பலம்கூடக் கொஞ்சம் மாறும். இழுவிசை வேகத்தின் இருமடிப்படி ஏறுவதால், பலத்தில் 10 சதவீதம் தப்பினால் உடையும் வேகத்தில் 5 சதவீதம் தப்பும். 12,000 சுற்றில் உடைய வேண்டியது 11,400இலேயே உடைந்துவிட்டால் சோதனை செல்லாது. உச்ச வேகத்தில்தானே விதி கேட்கிறது? மறுபடி வேறொரு இன்ஜினைக் கொண்டுவா என்றால் யார் தருவார்கள்? ஒரு முழு இன்ஜின் சில விநாடிகளில் குப்பையாகிற சோதனை இது.

இரண்டாவது, அறுத்த பிளேடு அறுக்காத பிளேடு போலவே நடந்துகொள்ள வேண்டும். அறுத்த இடத்தில் எடை குறையும், அதை எதிர்ப்பக்கத்தில் ஈடுகட்ட வேண்டும். வேர் மெலிந்தால் பிளேடின் இயல்பான அதிர்வு எண் மாறும். வேகம் ஏறும் வழியில் ஏதாவது ஒரு சுற்றில் அதிர்வு ஒத்துப்போய்விட்டால், பிளேடு நடுவழியிலேயே களைத்து முறிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு வேகத்திலும் அது எப்படி அதிரும் என்று முன்கூட்டியே வரைபடம் போட்டுப் பார்ப்பார்கள். கழன்ற பிறகும் அது உண்மையான பிளேடின் எடையோடும் வடிவத்தோடும்தான் பறக்க வேண்டும். இலகுவான துண்டை எறிந்துவிட்டு உறை தாங்கியது என்று சொல்வது ஏமாற்று.

மூன்றாவது, நேரம். முன்விசிறியின் பிளேடுகள் குளிர்ந்த காற்றில் ஓடுகின்றன. அங்கே வெடிமருந்து உதவுகிறது. வேரில் துளையிட்டு, மிகச் சிறிய அளவு வெடிமருந்தை வைத்து, சுழலும் தண்டு வழியே மின்கம்பி இழுத்து, உச்ச வேகம் வந்ததும் பொத்தானை அழுத்துகிறார்கள். அதிலும் ஒரு தராசு உண்டு. மருந்து குறைந்தால் பிளேடு பாதி ஒட்டிக்கொண்டு நிற்கும். கூடினால் மருந்தே பிளேடைத் தள்ளிவிடும், பிளேடு தன் இயல்பான வேகத்தைவிட அதிக வேகத்தில் போகும். வெட்டத்தான் வேண்டும், எறியக்கூடாது. டர்பைன் பகுதியிலோ சூட்டில் வெடிமருந்து தாக்குப்பிடிக்காது. அங்கே நகத்தளவு மிச்சம் வைக்கும் அந்தப் பழைய கணக்குதான் பெரும்பாலும் கைகொடுக்கிறது.

முழு இன்ஜினுக்குப் போகும் முன் சோதனைக் குழியில் ஒத்திகை பார்ப்பார்கள். கனமான இரும்புச் சுவருள்ள தொட்டி. அதற்குள் சுழலியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சுழற்றுவார்கள். காற்று இருந்தால் அதைக் கடைவதிலேயே சக்தி எல்லாம் போய், பிளேடுகளும் சூடேறிவிடும். விநாடிக்கு ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கும் கேமராக்கள் சுற்றி நிற்கும். அந்தப் படங்களிலிருந்துதான் பல விஷயங்கள் தெரிந்தன. பிளேடு நேராக வெளிப்பக்கம் பாய்வதில்லை, கவணிலிருந்து கல் போவது போலத் தொடுகோட்டில் போகிறது. முதலில் நுனி உறையில் மோதிச் சுருண்டு நொறுங்குகிறது. கனமான வேர்ப்பக்கம் கொஞ்சம் பின்னால் வந்து அடிக்கிறது. உறையைத் துளைப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது அடிதான். அதற்குள் பின்னால் வரும் அடுத்த பிளேடு இதன் முதுகில் மோதிவிடுகிறது.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் உறைகள் மாறின. ஒரு வகையில் கெட்டியான உலோகச் சுவர் துண்டைத் தடுத்து நிறுத்தும். இன்னொரு வகையில் மெல்லிய உலோகச் சுவரின் மேல் கெவ்லார் நார்த்துணியைப் பல சுற்றுச் சுற்றிவைப்பார்கள். சுவர் கிழிந்தாலும் துணி மீன்வலை போல இழுபட்டுத் துண்டைப் பிடித்துக்கொள்ளும்.

உறை தடுக்க முடியாததும் ஒன்று உண்டு, டிஸ்க். 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் விழுந்த யுனைடெட் 232 விமானத்தில் உடைந்தது முன்விசிறியின் டைட்டானியம் டிஸ்க். துண்டுகள் விமானத்தின் மூன்று ஹைட்ராலிக் குழாய் அமைப்புகளையும் அறுத்தன. இருந்த 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். அந்த எடையைத் தாங்கும் உறையோடு எந்த விமானமும் பறக்க முடியாது. அதனால்தான் டிஸ்குக்கு வேறு நியாயம். அதற்கு ஆயுள் எண்ணி வைத்து, அது முடிவதற்குள் கழற்றிவிடுகிறார்கள். பிளேடுக்கு உறை காவல், டிஸ்குக்கு நாள்கணக்கு காவல்.

நரோராவின் 3.31

நம் நாட்டுக் கதைக்கு வருகிறேன். இது விமானத்தில் நடந்ததல்ல. என் தொழிலில் நடந்தது.

1993 மார்ச் 31, அதிகாலை 3.31. உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையில் இருக்கும் நரோரா அணுமின் நிலையம், முதல் அலகு. நீராவி டர்பைனின் குறைந்த அழுத்தப் பகுதியில், கடைசிக் கட்டத்தில் இரண்டு பிளேடுகள் வேரில் முறிந்தன. காரணம் களைப்பு. உலோகத்துக்கும் களைப்பு உண்டு. சின்னச் சின்ன அதிர்வுகள் லட்சக்கணக்கில் சேர்ந்து ஒரு மயிரிழை விரிசலை வளர்த்துவிடும்.

அங்கே கேடு செய்தது பாய்ந்த அம்பைவிட உள்ளே நின்ற ஆட்டம்தான். சமநிலை இழந்த தண்டு பேயாட்டம் ஆடியது. ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் வாயுவை அடைத்துவைத்திருந்த சீல்கள் உடைந்தன. ஹைட்ரஜன் தீப்பற்றியது. எண்ணெய்க் குழாய்கள் முறிந்து எண்ணெயும் சேர்ந்து எரிந்தது. தீ கேபிள்கள் வழியே பரவியது. நிலையம் முழுவதும் மின்சாரம் இல்லாமல் போய், அந்த நிலை சுமார் 17 மணி நேரம் நீடித்தது. கட்டுப்பாட்டு அறையில் புகை நிரம்பி ஊழியர்கள் வெளியேற வேண்டியிருந்தது. அணு உலையை அவர்கள் ஒரு நிமிடத்துக்குள் நிறுத்திவிட்டார்கள். அது மறுபடி உயிர்த்துவிடக்கூடாதே என்று சிலர் டார்ச் விளக்கோடு இருட்டில் மேலே ஏறி, வால்வுகளைக் கையால் திறந்து போரான் கரைசலை உள்ளே விட்டார்கள். டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்புகளை வைத்து நீராவி உற்பத்திக் கலங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். கதிர்வீச்சு வெளியே கசியவில்லை. அதற்கு அந்த இரவு வேலையில் இருந்தவர்களுக்கு நாடு கடன்பட்டிருக்கிறது.

இப்போது அந்த 94ஆம் பிரிவைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். துண்டு நிற்க வேண்டும், தீப்பிடிக்கக்கூடாது, பிடிமானம் அறக்கூடாது. நரோராவில் நடந்தது அதே பரீட்சை. யாரும் பொத்தானை அழுத்தவில்லை, யாரும் கேமரா வைக்கவில்லை, 15 விநாடியில் முடியவும் இல்லை. அதே வகை டர்பைன்களின் கடைசிக் கட்ட பிளேடுகளில் விரிசல் வருவது வெளிநாடுகளில் முன்பே தெரிந்து, வேரின் வடிவத்தைத் திருத்தவும் ஆலோசனை வந்திருந்தது. திருத்தம் நடப்பதற்குள் விரிசல் முந்திக்கொண்டது.

கேட்காத கேள்வி

பரீட்சை வைத்துவிட்டால் எல்லாம் சரியா என்றால், அதுவும் இல்லை.

1989 ஜனவரி 8. லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்ட் போன பிரிட்டிஷ் மிட்லாண்ட் விமானத்தின் இடது இன்ஜினில் முன்விசிறிப் பிளேடு ஒன்று உடைந்தது. அதிர்வும் புகை வாசனையும் வர, விமானிகள் குழம்பி நல்ல வலது இன்ஜினை நிறுத்திவிட்டார்கள். விமானம் கெக்வொர்த் ஊரருகே நெடுஞ்சாலைக் கரையில் விழுந்து 47 பேர் இறந்தார்கள். பிளேடு ஏன் உடைந்தது என்று தேடியபோது தெரிந்தது இதுதான்: உயரத்தில், அதிக விசையோடு மேலே ஏறும்போது மட்டும் வருகிற ஒரு அதிர்வு அதைக் களைக்கவைத்திருக்கிறது. இன்ஜினைச் சோதித்தது தரையில். தரையில் அந்த அதிர்வு வரவே இல்லை.

2018 ஏப்ரல் 17. நியூயார்க்கிலிருந்து டல்லாஸ் போன சவுத்வெஸ்ட் 1380. அதிலும் முன்விசிறிப் பிளேடு ஒன்று களைத்து முறிந்தது. அந்த இன்ஜின் வகை பிளேடு உடைப்புச் சோதனையில் தேறியதுதான். ஆனால் இந்த முறை பிளேடு உறையின் அடிப்பக்கத்தில், கடிகாரத்தில் 6 மணி இருக்கும் இடத்தில் மோதியது. அடியின் அதிர்ச்சி உறை வழியே போய், இன்ஜினை மூடியிருந்த வெளிக் கூண்டை உடைத்தது. அந்தக் கூண்டின் ஒரு துண்டு ஜன்னலில் போய் அடித்தது. ஜன்னலோரம் இருந்த பெண் பயணி ஒருவர் உயிரிழந்தார். கேப்டன் டாமி ஜோ ஷல்ட்ஸ் விமானத்தை ஃபிலடெல்ஃபியாவில் இறக்கி மற்றவர்களைக் காப்பாற்றினார். பிளேடு எந்த இடத்தில் மோதினால் வெளிக் கூண்டுக்கு ஆபத்து என்பது முன்பு யாரும் கேட்காத கேள்வி. கேட்க வேண்டும் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அதன் பிறகு பரிந்துரைத்தது. பிளேடு இன்ன நேரத்தில், இன்ன கோணத்தில் கழல வேண்டும் என்று வடிவமைக்கிறவர்கள் ஏன் அவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்பது இதில் புரியும்.

நம் ஊர் வானத்திலும் இது நடந்தது. ஏ320 நியோ விமானங்களின் ஒரு வகை இன்ஜினில் குறைந்த அழுத்த டர்பைனின் மூன்றாம் கட்ட பிளேடுகள் உடைந்து, இண்டிகோ விமானங்கள் பல தடவை ஒரு இன்ஜினோடு தரையிறங்கின. இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2019 நவம்பரில், இண்டிகோவின் 97 நியோ விமானங்களிலும் திருத்திய பிளேடுகள் கொண்ட இன்ஜின்களை 2020 ஜனவரி 31க்குள் பொருத்த உத்தரவிட்டது. பிறகு அந்தக் கெடு ஆகஸ்டு வரை நீண்டது. உடைந்த ஒவ்வொரு முறையும் பயணிகள் பத்திரமாக இறங்கினார்கள். எங்கோ ஒரு சோதனைக் கூடத்தில் நகத்தளவு உலோகத்தை விட்டு அறுத்தவருக்கு அதில் பங்கு உண்டு. அவர் பெயர் அந்தப் பயணிகள் யாருக்கும் தெரியாது.

என் கணக்கில் ஒன்று

சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன்.

நரோராவுக்குப் பிறகு சில ஆண்டுகள் கழித்து, ஒரு மின் நிலையத்தில் டர்பைனைத் திறந்து பராமரிப்பு. கடைசிக் கட்ட பிளேடுகளின் வேரில் விரிசல் பார்க்கிற பொறுப்பு என்னுடையது. சிவப்புச் சாயம் பூசி, ஊறவிட்டு, துடைத்து, வெள்ளைப் பொடி தெளிப்போம். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாக எழுந்து நிற்கும். எங்களுக்குக் கொடுத்திருந்த தாளில், மாதிரிக்கு 6 பிளேடுகள் பார்த்தால் போதும் என்று இருந்தது. 6 பார்த்தேன். 6ம் சுத்தம். கையெழுத்துப் போட்டேன். மின்சாரத் தட்டுப்பாட்டுக் காலம், சீக்கிரம் மூடுங்கள் என்று மேலிருந்து நெருக்கடி. தாளில் இருந்ததைச் செய்துவிட்டோம் என்ற நிம்மதியில் வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

அடுத்த பராமரிப்பில் எனக்கு அடுத்து வந்த பையன், தாளைப் பார்க்காமல் எல்லாப் பிளேடுகளுக்கும் சாயம் பூசினான். நான் பார்த்த 6க்கு இரண்டு தள்ளி ஒரு பிளேடில் சிவப்புக் கோடு. சுண்டுவிரல் நீளம். அது நான் கையெழுத்துப் போட்ட அன்றே இருந்ததா, பிறகு வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. என்னை யாரும் குற்றம் சொல்லவும் இல்லை. தாளில் 6 என்றுதானே இருந்தது? ஆனால் அந்த ஓட்டத்தில் ராத்திரி ஷிப்ட் பார்த்த முப்பது நாற்பது பேரின் முகம் எனக்குத் தெரியும். அதில் இரண்டு பேர் கொல்லிமலைக்காரர்கள். இன்றைக்கும் சோளக்காட்டுச் சந்தையில் பார்த்தால் "சார், சௌக்கியமா?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு இந்தக் கதை தெரியாது.

சோதனை என்பது நாம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். 6 பிளேடைக் கேட்டால் 6 பிளேடின் பதில். தரையில் கேட்டால் தரையின் பதில். மேல்பக்கத்தில் மோதவிட்டுப் பார்த்தால் அடிப்பக்கத்தின் பதில் கிடைக்காது. பிளேடை உடைத்துப் பார்க்கிறவர்களின் தொழிலை நான் மதிப்பதற்குக் காரணம், அவர்கள் கேள்வியைத் தாங்களே தேடிப் போகிறார்கள் என்பதுதான். நான் தாளில் இருந்ததோடு நின்றுவிட்டேன்.

பேத்தி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்த உடும்பு பாவம் தாத்தா. யானை மேல குறி வச்ச அம்பு அதுக்கு எதுக்கு?" என்றாள்.

அதைத்தான் நானும் 31 வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. யானையைப் பார்க்க எல்லோரும் இருக்கிறார்கள். கடைசியில் புற்றுக்குள் இருப்பது யார் என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவளை நாமக்கல் அனுப்பிவைத்தேன். அடுத்த விடுமுறைக்கு வரும்போது அவள் கல்லூரியில் இருக்கும் சோதனைக் கூடத்தைப் பற்றி அவள் எனக்குச் சொல்வதாக ஏற்பாடு.